ஓட்டைக் காலணா கற்பித்த பாடம்

"ஓட்டைக் காலணாவுக்கும் பெறாது" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த ஓட்டைக் காலணாவே ஒருநாள் எங்கள் வகுப்புக்கு வந்தது. தோழி ஒருத்தி தன் பாட்டியின் சுருக்குப்பையிலிருந்து அதை எடுத்து வந்திருந்தாள். "ஓட்டை விழுந்த பிழைக் காசாம். இரண்டு இலட்சம் தருவதாகக் கைப்பேசியில் செய்தி வந்தது. முதலில் பதிவுக் கட்டணம் ஐயாயிரம் அனுப்ப வேண்டுமாம். அப்பா கடன் கேட்கப் போயிருக்கிறார்" என்றாள்.

வரலாறு கற்பிக்கும் சிஸ்டர் காசை வாங்கிப் பார்த்தார். "எந்தக் காசிலும் ஒரு குறையைக் கண்டால், அது எங்கே நேர்ந்தது என்று கேளுங்கள். நாணயச்சாலையிலா? வெளியே வந்த பிறகா? அல்லது காசே போலியா?" என்றார். அன்று நாங்கள் கற்றதை இங்கே தருகிறோம்.

நாணயச்சாலைப் பிழை: அச்சடிக்கும்போது தகடு விலகியிருந்தால் உருவம் ஒருபுறம் ஒதுங்கி, மறுபுறம் வெறுமையாக இருக்கும். அச்சில் விரிசல் இருந்தால் காசில் அது மேடான கோடாகத் தெரியும். பின்னால் விழுந்த கீறலோ பள்ளமாக இருக்கும்.

சேதம்: மாலையில் கோக்கத் துளையிட்ட வெள்ளி ரூபாய் சேதமடைந்ததே; பிழைக் காசு அன்று. புதுக்கோட்டைச் சீமையில் 1898இல் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் மன்னர் முகத்தின் குறுக்கே உளி வெட்டு இருந்தது. அவற்றைச் செலாவணியிலிருந்து நீக்கவே அவ்வாறு வெட்டினர் என்று அறிஞர் கருதுகின்றனர்.

போலி: அச்சில் அடிக்காமல் வார்த்தெடுத்த காசில் நுண்ணிய குழிகளும், மழுங்கிய எழுத்துகளும், விளிம்பில் ஒட்டுக் கோடும் காணலாம். ஆங்கிலேயர் காலத்து வெள்ளி ரூபாயின் எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். தேய்ந்த காசு சற்றுக் குறையலாம். அந்த ரூபாயைக் காந்தம் இழுத்தால் அது போலியே. இழுக்காததனால் மட்டும் உண்மைக் காசு என்று துணியவும் கூடாது.

அப்படியானால் பாட்டியின் காலணா? அது பிழையும் அன்று, சேதமும் அன்று, போலியும் அன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் செம்பைச் சிக்கனப்படுத்த, 1943 முதல் 1947 வரை நாணயச்சாலையே நடுவில் துளையிட்டு ஏராளமாக வெளியிட்ட காசு அது. பழங்காசு வாங்க, விற்கத் தான் எந்தக் கட்டணமும் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கியும் 2021இல் எச்சரித்துள்ளது.

அன்று மாலையே தோழி இவற்றை வீட்டில் எடுத்துச் சொன்னாள். பணம் அனுப்பப்படவில்லை; கடனும் மிச்சமாயிற்று. காலணா மீண்டும் சுருக்குப்பைக்குள் போயிற்று.

கயத்தாற்று வீடுகளில் பாட்டிமாரின் பெட்டிகளில் இத்தகைய காசுகள் இன்னும் இருக்கும். தோழியரே, அவற்றைப் புளியிட்டுத் தேய்க்காதீர்கள். தேய்த்தால் நாமே சேதப்படுத்தியவர்கள் ஆவோம். ஆசை காட்டுவோரை நம்புமுன் காசைத் திருப்பிப் பாருங்கள்.