தடுப்பூசி ஆய்வில் விலங்குகளின் பங்கு: மதனப்பள்ளி தரும் பாடம்

ஒரு தடுப்பூசித் திட்டத்திற்கு அரசு நிதி ஒதுக்குமுன் விடை காண வேண்டிய வினாக்கள் மூன்று. அம்மருந்து தீங்கற்றதா? அது நோயை உண்மையிலேயே தடுக்குமா? தடுக்குமெனில், எல்லா நிலப்பகுதிகளிலும், எல்லா வயதினரிடத்தும் ஒரே அளவில் தடுக்குமா? முதல் வினாவுக்கு ஆய்வுக்கூட விலங்குகள் பெருமளவு விடை தருகின்றன. இரண்டாம் வினாவுக்கு அவை தருவது பாதி விடையே. மூன்றாம் வினாவுக்கான விடை மக்கள் வாழும் ஊர்களில்தான் கிடைக்கும். காசநோய்த் தடுப்பில் நம் நாடு இவ்வுண்மையை அறிந்துகொண்ட களங்களுள் ஒன்று, அந்நாளைய சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த மதனப்பள்ளியாகும்.

விலங்குகளின் தேவை

ஒரு நோயை இன்ன கிருமிதான் உண்டாக்குகிறது என்று மெய்ப்பிக்க, அக்கிருமியைத் தனியே பிரித்து வளர்த்து, ஓர் உயிரின் உடலில் செலுத்தி, அதே நோய் தோன்றுவதைக் காட்ட வேண்டும். 1882-ஆம் ஆண்டில் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தபோது இம்முறையையே கையாண்டார். அவருக்கு உதவிய விலங்குகளுள் முதன்மையானது கினிப்பன்றி. மிகக் குறைந்த எண்ணிக்கையில் கிருமிகள் புகுந்தாலும் அது நோயுறும். ஆகவே, ஒரு மாதிரியில் உயிருள்ள காசநோய்க் கிருமி உள்ளதா என்பதை அறியவும், ஒரு மருந்தின் ஆற்றலை அளந்து பார்க்கவும் அது ஏற்ற விலங்காயிற்று.

ஆனால் கினிப்பன்றி தரும் விடையை அப்படியே மனிதருக்குப் பொருத்துவதில் உள்ள இடரும் விரைவிலேயே வெளிப்பட்டது. 1890-இல் காக், டியூபர்குலின் என்னும் பொருளால் கினிப்பன்றிகளிடம் நோயின் வளர்ச்சியைத் தடுக்க இயலும் என்று அறிவித்தார். நோயாளிகளுக்கு அதைச் செலுத்தியபோது எதிர்பார்த்த குணம் கிட்டவில்லை. பலருக்குத் தீங்கே நேர்ந்தது. நோயைக் குணப்படுத்தும் மருந்தாகத் தோற்ற அப்பொருள், தொற்றைக் கண்டறியும் சோதனைப் பொருளாகப் பிற்காலத்தில் பயன்பட்டது.

பி.சி.ஜி. மருந்து

பிரான்ஸ் நாட்டின் கால்மெட், கெரான் என்னும் இருவர் 1908 முதல் 1921 வரை, மாட்டுக் காசநோய்க் கிருமியை 230 முறை தொடர்ந்து மறுவளர்ப்புச் செய்து, அதன் வீரியத்தைக் குறைத்தனர். அது விலங்குகளிடம் நோய் உண்டாக்கவில்லை என்று கண்ட பின்னரே, 1921-இல் முதன்முறையாக ஒரு குழந்தைக்கு அளிக்கப்பட்டது. 1930-இல் ஜெர்மனியின் லூபெக் நகரில், வீரியமிக்க காசநோய்க் கிருமி கலந்துவிட்ட மருந்தை உட்கொண்ட 72 குழந்தைகள் இறந்தனர். பி.சி.ஜி. மருந்தைக் கினிப்பன்றிகளுக்குச் செலுத்தி, வீரியமிக்க கிருமி கலக்கவில்லை என்று உறுதி செய்யும் சோதனையின் இன்றியமையாமையை இத்துயர நிகழ்ச்சி தெளிவாக உணர்த்துகிறது.

மதனப்பள்ளி ஆய்வு

மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனை, டேனிஷ் மருத்துவர் ஃப்ரிமோட்-மோல்லர் தலைமையில் புகழ்பெற்றது. 1948-இல் நம் நாட்டில் பி.சி.ஜி. முதலில் தொடங்கப்பட்ட இடங்களுள் மதனப்பள்ளி ஒன்று. அதே ஆண்டில் கிண்டியில் பி.சி.ஜி. மருந்து தயாரிப்புக் கூடமும் அமைந்தது. 1951-இல் நாடு தழுவிய இயக்கம் தொடங்கிற்று. 1955-இல் ராஜாஜி இவ்வியக்கத்தை வெளிப்படையாக எதிர்த்ததும், அதனால் எழுந்த விவாதமும் பலர் அறிந்தவை. இந்நாட்டு மக்களிடம் இம்மருந்து எந்த அளவு பயன் தருகிறது என்பதற்கான நீண்டகாலச் சான்று அப்போது இரு தரப்பாரிடமும் இல்லை.

அச்சான்றைத் திரட்டும் முயற்சி மதனப்பள்ளியைச் சுற்றிய சிற்றூர்களில் 1950-இலேயே தொடங்கியிருந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஆய்வில் இடம்பெற்றனர். ஊசி போட்டுக்கொண்டவர்களையும் போட்டுக்கொள்ளாதவர்களையும் பல ஆண்டுகள் கண்காணித்ததில், கிடைத்த பாதுகாப்பு எதிர்பார்த்ததைவிடக் குறைவு என்று தெரிந்தது. அதே காலத்தில் பிரிட்டனில் பள்ளிப்பருவ இளைஞரிடையே நடந்த ஆய்வோ ஏறத்தாழ 80 விழுக்காடு பாதுகாப்பைக் காட்டிற்று. மருந்து ஒன்றாக இருந்தும் விளைவு வேறுபட்டது ஏன் என்ற வினா எழுந்தது.

திருவள்ளூர்ப் பெருஆய்வு

விடை காண்பதற்கு மிகப் பெரிய ஆய்வு தேவைப்பட்டது. சித்தூர் எல்லையை ஒட்டிய திருவள்ளூர்ப் பகுதியில், அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில், 1968-இல் அது தொடங்கிற்று. பி.சி.ஜி. அல்லது மருந்தற்ற ஊசி, 2,81,161 பேருக்குப் போடப்பட்டது. யாருக்கு எது கிடைத்தது என்பது போட்டுக்கொண்டவருக்கும் கண்காணித்தவருக்கும் தெரியாதவாறு ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. ஏழரை ஆண்டுக்காலக் கண்காணிப்பின் முடிவு 1979-இல் வெளியாயிற்று. பெரியவர்களைத் தாக்கும் நுரையீரல் காசநோயை இம்மருந்து அப்பகுதியில் தடுக்கவில்லை என்று அது அறிவித்தது. 15 ஆண்டுக்காலத் தொடர் கண்காணிப்பும் இம்முடிவை மாற்றவில்லை.

இம்முடிவால் பி.சி.ஜி. கைவிடப்படவில்லை. மூளைக்காய்ச்சலாக வெளிப்படும் காசநோய் போன்ற கொடிய வடிவங்களிலிருந்து பச்சிளங் குழந்தைகளை அது காக்கிறது என்பதற்குச் சான்றுகள் உள்ளமையால், பிறந்தவுடன் போடப்படும் ஊசியாக அது நிலைபெற்றது. ஆனால், அதை மட்டும் கொண்டு நோய் பரவுவதை நிறுத்தலாம் என்ற நம்பிக்கை தளர்ந்தது. நோயாளிகளைக் கண்டறிந்து முறையான மருந்து அளிப்பதே முதன்மைப் பணி என்பது மேலும் உறுதிப்பட்டது.

மீண்டும் கினிப்பன்றி

இப்புதிருக்கு விளக்கம் தேடியபோது கினிப்பன்றியே மீண்டும் துணைபுரிந்தது. 1960-இல் வெளியான ஓர் ஒப்பாய்வில், தென்னிந்திய நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமிகளுள் பல, பிரிட்டிஷ் கிருமிகளைவிடக் கினிப்பன்றிகளிடம் வீரியம் குறைந்தவையாகக் காணப்பட்டன. ஆயினும் அக்கிருமிகளே இங்குள்ள மனிதரை நோயாளிகளாக்கின. விலங்கிடம் வீரியம் குறைந்த கிருமி மனிதரிடத்தும் அவ்வாறே இருக்கும் என்று கொள்வதற்கில்லை என்பது இதன் பொருள்.

மற்றொரு தடயத்தை, 1966-இல் பால்மரும் லாங்கும் வெளியிட்ட ஆய்வு தந்தது. மண்ணிலும் நீரிலும் வாழும், காசநோய்க் கிருமிக்கு உறவான வேறு கிருமிகள் உள்ளன. அவற்றை முன்னரே பெற்ற கினிப்பன்றிகளுக்கு ஓரளவு பாதுகாப்பு அமைந்துவிட்டது. அதன்பின் போட்ட பி.சி.ஜி.யால் கூடுதலாகக் கிடைத்த பயன் சிறிதாகவே இருந்தது. வெப்பமும் ஈரமும் மிக்க தென்னிந்தியச் சிற்றூர்களில் இத்தகைய கிருமிகளின் தொடர்பு சிறு வயதிலேயே ஏற்பட்டுவிடுகிறது. ஆய்வுக்கூடத்துத் தூய கூண்டில் வளரும் விலங்குக்கு இவ்வனுபவம் இல்லை. இவ்விளக்கம் முழுமையானதா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும், விலங்கு ஆய்வை அமைக்கும்போது மக்கள் வாழும் சூழலையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது.

கால்நடை நோயில் வேறு அனுபவம்

காக்க வேண்டிய உயிரினத்திலேயே சோதனை செய்ய இயலும்போது நிலைமை எளிதாகிறது. மாட்டு வெக்கை நோய் இதற்குச் சான்று. முக்தேசுவரத்தில் எட்வர்ட்ஸ் அந்நோயின் நச்சுயிரியை வெள்ளாடுகளில் தொடர்ந்து செலுத்தி வீரியம் குறைத்தார். அவ்வழியில் கிடைத்த தடுப்பு மருந்தை மாடுகளுக்கே போட்டு, பின் நோய்க்கிருமியைச் செலுத்தி, பயனை நேரில் அறிய முடிந்தது. மனிதரிடம் இவ்வாறு செய்ய இயலாது. 1954-இல் தொடங்கிய தேசிய ஒழிப்புத் திட்டத்தின் பயனாக, 2006-இல் இந்தியாவும் 2011-இல் உலகமும் அந்நோயிலிருந்து விடுபட்டன. சித்தூர் வட்டாரத்தின் சிறு பால் உற்பத்தியாளருக்கு இது எத்தகைய நன்மை என்பதை விளக்க வேண்டியதில்லை. 2005-இல் திருப்பதியில் அமைந்த ஸ்ரீ வேங்கடேசுவரா கால்நடைப் பல்கலைக்கழகம், இத்துறைக்குரிய மருத்துவர்களையும் ஆய்வாளர்களையும் உருவாக்கி வருகிறது.

இன்றைய நிலை

புதிய காசநோய்த் தடுப்பூசிகளுக்கான தேடலிலும் பழைய பாடம் மீண்டும் நினைவூட்டப்பட்டது. விலங்குகளிடம் நம்பிக்கை அளித்த எம்.வி.ஏ.85ஏ என்னும் மருந்து, தென்னாப்பிரிக்காவில் 2,797 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில் போதிய பயன் தரவில்லை என்று 2013-இல் தெரியவந்தது. மறுபுறம், பி.சி.ஜி.யை நரம்பு வழியே பெற்ற 10 குரங்குகளுள் 9 நன்கு காக்கப்பட்டதை 2020-இல் வெளியான ஆய்வு காட்டியது. நம் நாட்டில், நோயாளிகளின் குடும்பத்தாரிடையே இரு மருந்துகளின் கள ஆய்வு 2019-இல் தொடங்கப்பட்டது.

விலங்குகளைப் பயன்படுத்துவதற்கும் வரம்புகள் உண்டு. 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் இத்தகைய சோதனைகளைக் கண்காணிக்க வழிசெய்கிறது. 2023-இல் திருத்தப்பட்ட புதிய மருந்துகள் விதிகள், விலங்குகளுக்கு மாற்றான முறைகளுக்கும் இடம் தந்துள்ளன.

நிதி ஒதுக்கும் அலுவலரும் பொது நலவாழ்வு பயிலும் மாணவரும் மனத்தில் கொள்ள வேண்டியது இதுவே. தீங்கு விளைவிக்கும் மருந்தை மக்களிடம் செல்லாமல் தடுக்கும் முதல் காவல் விலங்கு ஆய்வு. அது கள ஆய்வுக்கு ஈடாகாது. கள ஆய்வுக்கு ஆகும் செலவை வீண் என்று கருதுவோர், பயன் அறியப்படாத ஊசியைக் கோடிக்கணக்கானோருக்குப் போடுவதற்கு ஆகும் செலவையும், அது பயன் தராதபோது மக்கள் இழக்கும் நம்பிக்கையையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். மதனப்பள்ளியிலும் திருவள்ளூரிலும் கை நீட்டி ஊசி போட்டுக்கொண்ட சிற்றூர் மக்கள், எதிர்பார்த்த பாதுகாப்பைப் பெறவில்லை. ஆனால் உலகின் காசநோய்த் தடுப்புக் கொள்கையைத் திருத்தி அமைக்க உதவிய சான்றை அவர்களே வழங்கினர்.