கோழியையும் காப்போம், கீரியையும் கொல்லோம்

வலிகாமம் வடக்கிலிருந்து 1990ஆம் ஆண்டு இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல, மல்லாகம், சுன்னாகம் பகுதி நலன்புரி முகாம்களில் நெடுங்காலம் வாழ்ந்தன. 2009இன் பின் காணிகள் கட்டங்கட்டமாக விடப்பட்டபோது, பலர் கண்டது பற்றை மூடிய வளவையும் இடிந்த சுவரையுமே. இத்தகைய இடங்கள் கீரி, மரநாய், பாம்பு ஆகியவற்றுக்கு நல்ல ஒதுக்கிடங்கள். புதிதாகத் தொழில் தொடங்கும் குடும்பத்துக்கு நாலு பேட்டுக்கோழிகள் என்பது பிள்ளைகளின் முட்டையும் கைச்செலவுக் காசும் ஆகும். ஒரே இரவில் அவை போய்விட்டால் கோபம் வருவது இயல்பே. ஆயினும் நஞ்சு வைப்பதற்கு முன் சற்று யோசிப்போம்.

யார் வந்தது?

பகலில் குஞ்சு மட்டும் மறைந்தால் பிராந்தையோ காகத்தையோ எண்ணலாம். கோதும் இல்லாமல் முட்டை காணாமற் போனால் பாம்பு விழுங்கியிருக்கலாம். உடைந்த கோது கிடந்தால் பெரும்பாலும் கீரி அல்லது காகம். இரவில் கூட்டுக்குள் புகுவது பெரும்பாலும் மரநாய். பல கோழிகள் தின்னப்படாமல் செத்துக் கிடந்தால் ஊர் நாய்களைச் சந்தேகிக்க வேண்டும்.

ஏன் கொல்லக்கூடாது?

கீரியும் சாரைப்பாம்பும் எலிகளைத் தின்று எங்கள் நெல்லையும் கோழித் தீனியையும் காக்கின்றன. ஒன்றைக் கொன்றாலும் ஓட்டை இருக்கும்வரை இன்னொன்று வரும். நஞ்சு கலந்த இறைச்சியை வீட்டு நாயும் பூனையும் தின்னும்; பிள்ளையின் கையும் படும். மின்கம்பி கட்டினால் மனித உயிரே போகும். பொறியில் தாய் விலங்கு அகப்பட்டால் அதன் குட்டிகள் பட்டினியால் சாகும். பிடித்து வேறிடத்தில் விடுவதும் தொல்லையை அயலவருக்குக் கொடுப்பதே. உடும்பைப் பிடிப்பதும் கொல்வதும் சட்டப்படி குற்றம்.

என்ன செய்யலாம்?

1. கூட்டை நிலத்திலிருந்து 2 அல்லது 3 அடி உயர்த்துங்கள். கால்களைச் சுற்றி வழுவழுப்பான தகரம் அடித்தால் ஏறுவது கடினம்.

2. சன்னல்களுக்கு அரை அங்குலக் கம்பிவலை அடியுங்கள். கிடுகு மட்டும் போதாது, மரநாய் பிய்த்துவிடும்.

3. கூடு நிலத்திலேயே இருந்தால் வலையை வெளிப்புறமாக ஒரு அடி மடித்து விரித்து, மேலே கல் அடுக்குங்கள். சுண்ணக்கல் நிலத்தில் கிடங்கு தோண்டும் வேலை மிச்சம்.

4. குஞ்சுகளை முதல் 6 கிழமையாவது அடைப்புக்குள் வளர்த்து, மேலே பழைய மீன்வலையை இறுக்கிக் கட்டுங்கள். தொய்ந்த வலையில் பாம்பும் பறவையும் சிக்கித் துன்பப்படும்.

5. முட்டையைப் பகலிலேயே எடுங்கள். மிஞ்சிய தீனியைப் பொழுதுபட முன் அகற்றுங்கள். தீனிக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும்.

6. கூட்டைச் சுற்றி நாலைந்து யார் தூரத்துக்குப் பற்றையை வெட்டித் துப்புரவாக்குங்கள். மறைவில்லாத வெளியைக் கடக்கக் கீரி தயங்கும்.

7. பொழுதுபட எண்ணிப் பார்த்துக் கதவைப் பூட்டுங்கள். வெறும் கயிறு போதாது, கொழுக்கி போடுங்கள்.

செலவு கூடுதலென்றால், இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து ஒரு சுருள் வலையை வாங்கிப் பங்கிடலாம்.

இன்றிரவு செய்து பாருங்கள்

வெற்றுக் கூட்டுக்குள் ஒரு டோர்ச் லைற்றை எரியவிட்டு, வெளியே நின்று சுற்றிப் பாருங்கள். வெளிச்சம் தெரியும் இடமெல்லாம் ஓட்டைதான். பெருவிரல் நுழையும் ஓட்டை எதுவானாலும் நாளைக்கே அடைத்துவிடுங்கள்.