உங்கள் ராஜ்யம் வந்தால் நாங்கள் எங்கே?

கேள்வி: மதிப்புக்குரிய போதகர் ஐயாவுக்கு, நான் ஆலையடிவேம்பைச் சேர்ந்தவள். அக்கரைப்பற்றில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். தேவனுடைய ராஜ்யம் என்றால் மரித்த பிறகு போகிற பரலோகம்தான் என்று எங்கள் சபையில் சொல்லித் தந்தார்கள். என் கத்தோலிக்கச் சிநேகிதியோ, இறையாட்சி இங்கேயே தொடங்கிவிட்டது, ஏழைகளின் நீதிக்காகப் பாடுபடுவதுதான் அது என்கிறா. இதைப் பற்றி நாங்கள் கதைத்துக்கொண்டிருந்தபோது, கூடப் படிப்பிக்கும் முஸ்லிம் டீச்சர் ஒருவர், "உங்கட ராஜ்யம் வந்தா நாங்க எங்க இருப்பம்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டா. எனக்குப் பதில் வரவில்லை. எது சரி? அவவுக்கு நான் என்ன சொல்ல?
– வாசகி, ஆலையடிவேம்பு

பதில்: அன்புள்ள சகோதரி, மூவரின் பேச்சிலும் டீச்சரின் கேள்விதான் ஆழமானது. முதலில் அதை எடுத்துக்கொள்வோம்.

அவ சிரித்துக்கொண்டு கேட்டிருக்கலாம். ஆனால் அப்படிக் கேட்பதற்கு இந்தக் கரையோரத்தின் வரலாற்றிலேயே காரணம் இருக்கிறது. 1626இல் போர்த்துக்கேயர் இலங்கையில் தம் ஆட்சிக்குட்பட்ட கரையோரங்களிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். கிறிஸ்துவின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்த ஆட்சி அது. துரத்தப்பட்டவர்களில் சுமார் 4,000 பேரைக் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றியதாக வரலாற்று நூல்கள் சொல்கின்றன. பின்னர் வந்த ஒல்லாந்தர், தங்கள் சீர்திருத்த சபையில் ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கே அரச பதவி என்று வைத்தார்கள். பதவிக்காகப் பெயர் கொடுத்தவர்கள் ஏராளம். 1796இல் ஆங்கிலேயர் கைக்குக் கரையோரம் மாறி அந்தக் கட்டாயம் தளர்ந்ததும், அந்தச் சபை வெயில் பட்ட பனியாய்க் கரைந்துபோனது. அரசாங்கத்தையும் தேவனுடைய ராஜ்யத்தையும் ஒன்றாகக் குழப்பியதன் பலன் இது.

இயேசு இந்தக் குழப்பத்துக்கு இடமே கொடுக்கவில்லை. ஐயாயிரம் பேருக்கு உணவளித்த அன்று, மக்கள் அவரைப் பிடித்து அரசனாக்கப் பார்த்தார்கள். அவர் தனியே மலைக்கு விலகிப்போய்விட்டார். பிலாத்துவின் முன் நின்றபோது, தம்முடைய ராஜ்யம் இவ்வுலகத்துக்குரியதாக இருந்திருந்தால் தம் ஊழியர்கள் போராடியிருப்பார்கள் என்றார். வாளால் பிடிப்பதும் வாளால் காப்பதும் அந்த ராஜ்யத்தில் இல்லை. கடவுளின் பெயரால் கொலைக்குத் துணிந்தவர்கள் என்ன செய்வார்கள் என்பதை 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு அன்று, இஸ்லாமியத் தீவிரவாதிகளின் தற்கொலைக் குண்டுத் தாக்குதலில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் கண்டது. அதற்குப் பிறகு, ஒரு பாவமும் அறியாத எத்தனையோ முஸ்லிம் குடும்பங்கள் சந்தேகப் பார்வைகளுக்கு நடுவே வாழ வேண்டி வந்தது. உங்கள் டீச்சரும் அந்த நாட்களைக் கடந்து வந்தவராகத்தான் இருப்பா.

அப்படியானால் அந்த ராஜ்யம் மரித்த பிறகுதானா? இல்லை. கலிலேயாவில் இயேசு பிரசங்கிக்கத் தொடங்கியபோதே அது சமீபித்துவிட்டது என்றுதான் அறிவித்தார். பிசாசுகளைத் துரத்தியபோது, அது உங்களிடத்தில் வந்துவிட்டது என்றார். நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் ஏசாயாவின் சுருளை விரித்து, ஏழைக்கு நற்செய்தி, சிறைப்பட்டவனுக்கு விடுதலை என்று வாசித்து, அது இன்றே நிறைவேறியது என்றார். 1935இல் வெளிவந்த தம் நூலில் சி. எச். டாட் என்ற வேல்ஸ் நாட்டு வேத அறிஞர் அழுத்திச் சொன்னதும் இதைத்தான். உங்கள் கத்தோலிக்கச் சிநேகிதியின் பக்கம் நியாயம் இருக்கிறது.

ஆனால் அதோடு விஷயம் முடியவில்லை. அதே இயேசுதான், உம்முடைய ராஜ்யம் வர வேண்டும் என்று ஜெபிக்கவும் கற்றுத் தந்தார். முழுவதும் வந்து முடிந்ததை யாரும் வரும்படி கேட்பதில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது உங்கள் அம்பாறை மாவட்டம். அந்தக் காலையைக் கண்ட மக்களிடம் எல்லாம் நிறைவேறிவிட்டது என்று சொல்ல வாய் கூசும். தொடங்கிவிட்டது, இன்னும் நிறைவாகவில்லை: திருச்சபையின் பெரும்பான்மையான போதகர்கள் இன்று இப்படித்தான் படிப்பிக்கிறார்கள், நானும் இதையே நம்புகிறேன். நாம் பாடுபட்டு அதைக் கட்டியெழுப்புகிறோம் என்பதிலும் எனக்குச் சம்மதமில்லை. விதைத்தவன் தூங்கி எழும்பும்போது பயிர் தானாய் முளைத்து வளர்ந்திருப்பதாக மாற்கு நான்காம் அதிகாரத்தில் ஓர் உவமை இருக்கிறது. வளர்ச்சி தருவது கடவுள்.

இப்போது டீச்சரின் கேள்விக்குத் திரும்புவோம். மத்தேயு 13இல் இயேசு சொன்ன வலை, உங்கள் கரைவலைதான். தோணி ஒரு கயிற்றுத் தலைப்பைக் கரையில் விட்டுவிட்டுப் போய், கடலில் வலையை வளைத்துப் போட்டு, மறு தலைப்போடு திரும்பி வரும். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று மணிக்கணக்காக இழுப்பார்கள். மடி கரையேறும் வரைக்கும் உள்ளே இருப்பது என்னவென்று எவருக்கும் நிச்சயமில்லை. கீரியும் சூடையும் பாரையும் வரும். பேத்தையும் சொறியும் பாசியும் வரும். இழுவை நடக்கும்போது நடுக்கடலில் யாரும் மீன் தெரிவதில்லை. கரைக்கு வந்த பிறகுதான் தெரிவார்கள். உலக முடிவில் தெரிவு உண்டு என்று இயேசு தெளிவாகவே சொன்னார். அதை மழுப்ப நான் விரும்பவில்லை. ஆனால் அந்த வேலையைத் தேவதூதருக்குத்தான் கொடுத்தார், சபையாருக்குக் கொடுக்கவில்லை. மத்தேயு 25இல் அரசர் நியாயம் விசாரிக்கும்போது, பசித்தவனுக்கு உணவு கொடுத்தாயா, நோயாளியைப் பார்க்கப் போனாயா என்றுதான் கேட்கிறார். வலப்பக்கம் நின்றவர்களும் இடப்பக்கம் நின்றவர்களும் ஒரேபோலத் திகைத்துப்போகிறார்கள்.

திருச்சபையும் ராஜ்யமும் ஒன்றல்ல. திருச்சபை அந்த ராஜ்யத்தின் வித்தும் தொடக்கமும் என்று 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் சொன்னது. ராஜ்யத்தின் பலன் சபைக்கு வெளியேயும் விளையும் என்பதற்கு உங்கள் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த மிஷனரி 1814இல் மட்டக்களப்புக்கு வந்து பள்ளிக்கூடங்களைத் தொடங்கினார். ஒரு வருடம் ஆவதற்குள் இறந்துபோனார். அந்த மிஷன் பின்னர் கல்முனையில் நடத்திய பாடசாலையில் படித்தவர்தான் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர். அவர் கிறிஸ்தவராகவில்லை, இராமகிருஷ்ண மிஷனின் துறவியாகி, 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். எந்தச் சபையின் பதிவேட்டிலும் ஏறாத அந்தப் பலனைக் கடவுள் தள்ளிவிடுவார் என்று நான் நினைக்கவில்லை.

ஆகவே டீச்சரிடம் சொல்லுங்கள்: இது கிறிஸ்தவர்கள் மற்றவர்களை ஆளப்போகும் ராஜ்யம் அல்ல, கடவுள் ஆளும் ராஜ்யம். அதன் அரசர் கிறிஸ்து என்று நாங்கள் விசுவாசிக்கிறோம், அதை மறைக்கவும் மாட்டோம். ஆனால் வாசலில் நின்று பெயர் பார்ப்பது எங்கள் வேலை அல்ல. அவவை அயலவராக நேசிப்பதுதான் எங்களுக்குத் தரப்பட்ட கட்டளை. இதைப் பாடசாலை இடைவேளையில் அவசரமாகச் சொல்ல வேண்டாம். ஒரு நாள் பின்னேரம் அவவின் வீட்டுக்குப் போய், ஆறுதலாக இருந்து கதையுங்கள். அவ சொல்வதையும் கேட்டுவிட்டு வாருங்கள்.