புதுக் கேமராவும் அட்டைப்பெட்டிக் கணக்கும்



புதுப் பொருள் வீட்டுக்கு வந்தால் எல்லாருக்கும் சந்தோஷம்தான். மிக்ஸி வந்தாலும் சரி, செல்போன் வந்தாலும் சரி, நாலு நாள் அதைச் சுற்றியே உட்கார்ந்திருப்போம். அப்புறம் அது ஒரு மூலைக்குப் போய்விடும். ஏன் அப்படி? அந்தப் பொருள் என்ன செய்யும், எப்படிச் செய்யும் என்று நமக்குத் தெரியாததுதான் காரணம் என்பது என் கருத்து. தெரிந்துகொண்டால் சந்தோஷம் நாலு நாளோடு முடியாது.

எங்கள் வீட்டில் போன மாதம் ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா வாங்கினோம். அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் அயர்ன் பண்ணும் வேலை பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமையில் காதுகுத்து, வளைகாப்புக்குப் படம் எடுத்துப் பழகணும் என்பது அவருக்கு ரொம்ப நாள் ஆசை. கேமராவை அவர் வைத்துக்கொண்டார். அட்டைப்பெட்டியை நான் எடுத்துக்கொண்டேன். அதில் அச்சடித்திருக்கும் எண்களை வைத்துத்தான் இந்தப் பாடம்.

முதலில் கொஞ்சம் வரலாறு

இருட்டு அறையின் சுவரில் சின்ன ஓட்டை இருந்தால், வெளியே இருக்கும் காட்சி எதிர்ச் சுவரில் தலைகீழாக விழும். ஒளி நேர்கோட்டில் செல்வதால் இப்படி நடக்கிறது. ஏறக்குறைய 1000 ஆண்டுகளுக்கு முன்பே இப்னு அல் ஹய்தம் என்ற அரபு அறிஞர் இதை ஆராய்ந்து எழுதினார். ஆனால் விழுந்த காட்சியை அழியாமல் பிடித்து வைக்க வழி தெரியவில்லை. பிரான்ஸ் நாட்டில் நியெப்ஸ் என்பவர் தன் வீட்டு ஜன்னலில் இருந்து எடுத்த படம்தான் இன்று நம்மிடம் இருக்கும் மிகப் பழைய கேமராப் படம். அது 1826-27இல் எடுத்தது.

1888இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் 'கோடாக்' கேமராவை விற்றார். அதில் 100 படம் எடுக்கலாம். எடுத்து முடிந்ததும் கேமராவையே கம்பெனிக்கு அனுப்பணும். அவர்கள் படத்தைக் கழுவி, புது ஃபிலிம் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். 1975இல் அதே கம்பெனியில் வேலை பார்த்த ஸ்டீவன் சாசன் என்ற பொறியாளர் ஃபிலிம் இல்லாத டிஜிட்டல் கேமராவைச் செய்தார். அதன் எடை சுமார் மூன்றரைக் கிலோ. ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் கேசட்டில் பதிய 23 விநாடி ஆனதாம்!

ஃபிலிம் இருந்த இடத்தில் இப்போது 'சென்சார்' இருக்கிறது. லென்ஸ் வழியாக வரும் ஒளி அதன்மேல் விழுகிறது. அதில் இருக்கும் லட்சக்கணக்கான புள்ளிகள் ஒவ்வொன்றும் தன்மேல் விழுந்த ஒளியை மின்சாரமாக மாற்றுகிறது. அந்த மின்சாரத்தின் அளவு எண்ணாக மாறுகிறது. அந்த எண்கள் சேர்ந்ததுதான் நாம் பார்க்கும் படம். இனி பெட்டியைப் படிப்போம்.

எண் 1: 16 மெகாபிக்சல்

மெகா என்றால் 10 லட்சம். பிக்சல் என்றால் புள்ளி. இந்தக் கேமராவின் படத்தில் குறுக்கே 4608 புள்ளி, நெடுக்கே 3456 புள்ளி. பெருக்கினால் 1,59,25,248. அதாவது ஏறக்குறைய 160 லட்சம். அதைத்தான் 16 மெகாபிக்சல் என்று போட்டிருக்கிறார்கள்.

இவ்வளவும் நமக்கு வேணுமா? ஸ்டூடியோவில் பிரிண்ட் போடும் சாதாரணப் படம் 6 அங்குலம் × 4 அங்குலம். தெளிவாக இருக்க அங்குலத்துக்கு 300 புள்ளி போதும். 1800 × 1200 = 21,60,000. இரண்டு மெகாபிக்சலுக்குக் கொஞ்சம்தான் அதிகம்! எங்கள் அப்பத்தாவைக் கேட்டுவிட்டு, அவங்க தண்டட்டி போட்ட காதைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, இந்த அளவில்தான் பிரிண்ட் போட்டோம். தண்டட்டியில் இருக்கும் கீறல்கூடத் தெரிகிறது. "என் காது இம்புட்டா தொங்கிப் போச்சு?" என்று அப்பத்தா அதையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

ஆகவே பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் எண்ணைப் பார்த்து மட்டும் மயங்க வேண்டாம்.

எண் 2: சென்சார் அளவு

இது பெட்டியில் பொடி எழுத்தில்தான் இருக்கும். ஆனால் முக்கியமான எண் இதுதான். இதுபோன்ற சின்னக் கேமராவில் சென்சார் ஏறக்குறைய 6 மி.மீ. × 4.5 மி.மீ. பரப்பு 27 சதுர மி.மீ. நம் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. கல்யாண வீட்டில் தோளில் மாட்டிக்கொண்டு வருகிற பெரிய கேமராக்கள் சிலவற்றில் 36 மி.மீ. × 24 மி.மீ. இருக்கும். பரப்பு 864. வகுத்துப் பாருங்கள், 32 மடங்கு!

மழை பெய்யும்போது வாசலில் ஒரு அண்டாவும் ஒரு டம்ளரும் வைத்தால் எதில் அதிகத் தண்ணீர் சேரும்? அதே கதைதான் ஒளிக்கும். வெயிலில் சின்னக் கேமராவும் நன்றாக எடுக்கும். சாயங்காலம் ஆனால் படத்தில் மணல் தூவிய மாதிரிப் புள்ளி புள்ளியாக வரும். அதனால் அண்ணன் இப்போது ஆட்களை ஜன்னல் பக்கம் நிறுத்தி எடுக்கிறார். காசு செலவில்லாமல் படம் நல்லா வருது.

எண் 3: ஜூம்

பெட்டியில் இரண்டு ஜூம் போட்டிருக்கும். ஆப்டிகல் ஜூம் என்றால் லென்ஸ் நிஜமாகவே முன்னும் பின்னும் நகர்ந்து தூரத்துப் பொருளைப் பெரிதாக்கும். டிஜிட்டல் ஜூம் என்றால் எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாகக் காட்டும், அவ்வளவுதான். 2 மடங்கு டிஜிட்டல் ஜூம் வைத்தால் அகலத்தில் பாதி, உயரத்தில் பாதி. 16 மெகாபிக்சல் 4 ஆகிவிடும். ஆகவே வாங்கும்போது ஆப்டிகல் எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள்.

எண் 4: பேட்டரியும் மெமரி கார்டும்

பேட்டரியில் 700 மில்லி ஆம்பியர் மணி என்று போட்டிருக்கிறது. ஒரு கருவி 350 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் எடுத்தால் 700 ÷ 350 = 2 மணி நேரம் வரும். இது லித்தியம் அயனி பேட்டரி. செல்போனிலும் இதே வகைதான். இதை உருவாக்கிய மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. வெயிலில் வைக்கக் கூடாது. உப்பிப் போனால் உடனே நிறுத்திவிடணும்.

மெமரி கார்டு 32 ஜி.பி. ஒரு படம் 5 எம்.பி. என்றால் ஏறக்குறைய 6,400 படம் பிடிக்கும். நம்ம அப்பா அம்மா காலத்து ஃபிலிம் ரோலில் 36 படம்தான். அதனால் ஒவ்வொரு படத்துக்கும் யோசிச்சுத்தான் பொத்தானை அழுத்தினாங்களாம். 6,400 இருக்கே என்று கண்டபடி எடுத்தால் எதையும் திரும்பிப் பார்க்க மாட்டோம்.

எண் 5: பெட்டியில் இல்லாத எண்

இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. கேமரா விலை ரூ.12,000. அண்ணன் முதலில் விசாரித்த கடையில், "கையில காசு வேணாம் தம்பி, மாசம் 1,100 வீதம் 12 மாசம் கட்டுங்க. வட்டி 10 விழுக்காடுதான்" என்றார்களாம். 1,100 × 12 = 13,200. அதிகம் 1,200. 12,000க்கு 1,200 என்றால் 10 விழுக்காடு. சரிதானே என்று தோன்றும். ஆனால் நான் நோட்டில் போட்டுப் பார்த்தேன்.

மாதாமாதம் அசலில் 1,000 கழிந்துகொண்டே வரும். முதல் மாதம் நம் கடன் 12,000. அடுத்த மாதம் 11,000. கடைசி மாதம் வெறும் 1,000. 1 முதல் 12 வரை கூட்டினால் 78. ஆகவே மொத்தம் 78,000. அதை 12ஆல் வகுத்தால் 6,500. வருஷம் முழுக்க நம்மிடம் சராசரியாக இருந்த கடன் 6,500தான். அதற்கு 1,200 வட்டி என்றால் ஏறக்குறைய 18 விழுக்காடு! 'வட்டியே இல்லை' என்று விளம்பரம் செய்தாலும் தனியாகக் கட்டணம் ஏதாவது இருக்கா என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடணும்.

நோட்டைப் பார்த்துவிட்டு அம்மா ஒரே கேள்விதான் கேட்டாங்க. "மாசம் 1,100 கட்ட முடியும்னா, மாசம் 1,100 சேர்க்கவும் முடியும்ல?" 1,100 × 11 = 12,100. கடனாக வாங்கினால் 12 மாதம், சேர்த்து வாங்கினால் 11 மாதம்! அண்ணன் அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் போட்டு வந்தார். போன மாதம் முழுப் பணம் கொடுத்து வாங்கினார்.

காத்திருப்பதிலும் நஷ்டம் உண்டு, அதையும் சொல்லணும். அந்த 11 மாதத்தில் எங்கள் சித்தி மகள் சடங்கு வந்தது. நம்ம கையால் ஒரு படம்கூட எடுக்க முடியவில்லை. அந்த நாள் திரும்பி வராது. வாங்கும் பொருள் அந்த 1,200 ரூபாய்க்கு மேல் உறுதியாகச் சம்பாதித்துக் கொடுக்கும் என்றால் தவணையில் வாங்குவதில் தவறில்லை. தையல் மெஷின் அப்படி இருக்கலாம். எதுவானாலும் கணக்குப் போட்டுவிட்டு முடிவு செய்வோம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

எம்.ஆர்.பி. என்பது எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை. அதற்கு மேல் கேட்கக் கூடாது. அதைவிடக் குறைத்துத் தரச் சொல்லிக் கேட்கலாம்.

பில் கட்டாயம் வாங்கணும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தராமல் இருப்பது நேர்மையற்ற வணிகம்.

வாரண்டி அட்டையில் தேதியும் கடை முத்திரையும் இருக்கான்னு பாருங்கள். பில்லையும் அட்டையையும் ஒரே உறையில் வையுங்கள்.

குறை இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

நீங்களும் செய்து பாருங்கள்

கேமரா இல்லாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி ஒன்று போதும். ஒரு பக்கம் ஊசியால் சின்ன ஓட்டை போடுங்கள். எதிர்ப் பக்கம் சதுரமாக வெட்டி, எண்ணெய் தடவிய வெள்ளைத் தாளை ஒட்டுங்கள். மூடியைக் காற்றும் வெளிச்சமும் போகாதபடி ஒட்டிவிடுங்கள். தலையையும் தாள் இருக்கும் பக்கத்தையும் போர்வையால் மூடிக்கொண்டு, ஓட்டையை வெயிலில் நிற்கும் வேப்பமரத்தைப் பார்த்துத் திருப்புங்கள். தாளில் மரம் தலைகீழாகத் தெரியும். காற்றடித்தால் கிளை ஆடுவதும் தெரியும். சூரியனை மட்டும் நேராகப் பார்க்கக் கூடாது.

கேள்விகள்

1. 12 அங்குலம் × 8 அங்குலம் படம் பிரிண்ட் போட எத்தனை மெகாபிக்சல் வேண்டும்?
2. ரூ.6,000 செல்போன். மாதம் ரூ.1,100 வீதம் 6 மாதத் தவணை. அதிகம் கட்டுவது எவ்வளவு? மாதம் 1,100 சேர்த்தால் எத்தனை மாதத்தில் வாங்கலாம்?

விடைகள்: 1) 3600 × 2400 = 86,40,000. அதாவது 8.64 மெகாபிக்சல். 2) ரூ.600. சேர்த்தால் 6ஆம் மாதமே வாங்கிவிட்டு, கையில் ரூ.600 மீதியும் வைத்திருக்கலாம்.

உங்கள் வீட்டுக்கு வந்த புதுப் பொருளின் பெட்டியில் புரியாத எண் எதுவும் இருந்தால் ஒரு தாளில் எழுதி இதன் பக்கத்தில் ஒட்டுங்கள். சேர்ந்து கணக்குப் போடுவோம்.



ஒன்பதாம் வகுப்பு மாணவி