பட்டாசலுக்கு மஞ்சள், கதவுக்குப் பச்சை

கடையத்து வாசகிக்கு,

பட்டாசலுக்கு என்ன நிறம் அடிப்பது என்று வீட்டில் பேச்சு ஓய்ந்தபாடில்லை, வீட்டுக்காரர் பச்சை என்கிறார், அத்தை மஞ்சள்தான் மங்களம் என்கிறார், நீங்களே ஒரு முடிவு சொல்லுங்கள் என்று எழுதியிருந்தீர்கள். நான் அத்தை பக்கம். மங்களம் ஒருபுறம் இருக்கட்டும், எனக்கு முக்கியம் வெளிச்சம்.

உங்களுடையது பழைய வரிசை வீடு. இரண்டு பக்கமும் பொதுச்சுவர், ஜன்னல் வைக்க வழியில்லை. வாசல் வழியாகவும் முற்றத்து வழியாகவும் வருவதுதான் வெளிச்சம். அது தரையில் பட்டு, ஒரு சுவரில் பட்டு, அடுத்த சுவரில் பட்டுத்தான் நடு அறையான பட்டாசலுக்கு வந்து சேர்கிறது. வரும் வழியில் ஒவ்வொரு சுவரும் தன் பங்கை விழுங்கிக்கொள்ளும். நல்ல வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பித் தந்துவிடும். வெளிர்மஞ்சள் அதற்கு அடுத்தபடி. வாழையிலைப் பச்சையோ பாதியைக்கூடத் தராது.

அதோடு, உங்கள் ஊருக்கு மேற்கே மலை நிற்கிறது. சமவெளி ஊர்களில் சூரியன் அடிவானம் வரை நின்று நிதானமாக இறங்கும். கடையத்தில் அதற்கு முன்பே மலைக்குப் பின்னால் போய்விடும். ஆனி, ஆடியில் சாரல் பிடித்துக்கொண்டால் பகலெல்லாம் மூட்டம். குற்றாலத்தில் அருவி கொட்ட வேண்டும் என்று நாம் காத்திருக்கும் அதே மேகம்தான் உங்கள் பட்டாசலையும் இருட்டாக்குகிறது. பிள்ளைகள் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவதும் வெளிச்சம் குறையும் சாயங்காலத்தில்தான்.

வீட்டுக்காரர் சொல்வதில் நியாயமே இல்லை என்று நினைக்காதீர்கள். ஜெர்மானியக் கவிஞர் கதே நிறங்களைப் பற்றி 1810இல் ஒரு பெரிய நூலே எழுதினார். கண் இளைப்பாறும் நிறம் பச்சை, ஆகையால் எப்போதும் புழங்கும் அறைக்கு அதுவே ஏற்றது என்பது அவர் கட்சி. வைமார் நகரத்து வீட்டில் அவர் எழுதும் அறை பச்சை, விருந்துக்கூடம் மஞ்சள். ஆனால் அந்த ஊரில் குளிர்காலம் மாதக்கணக்கில் மரங்களை மொட்டையாக்கிவிடும். அங்கே சுவரிலாவது பச்சை வேண்டியிருக்கிறது. நீங்கள் வாசலைத் தாண்டி நாலு தப்படி நடந்தால் ராமநதிப் பாசனத்து வயலும் அதற்கு அப்பால் மலையும். கண்ணுக்கு வேண்டிய பச்சையை ஊரே தந்துகொண்டிருக்கிறது.

மஞ்சள் என்றதும் கடையில் எலுமிச்சை மஞ்சளைக் காட்டுவார்கள். வேண்டாம். எதிரெதிர்ச் சுவர்கள் ஒன்றின் நிறத்தை மற்றொன்றில் கொட்டுவதால், ஷேடு கார்டில் பார்த்ததைவிட அறைக்குள் நிறம் தூக்கலாகத்தான் தெரியும். பிடித்த நிறத்துக்கு இரண்டு படி வெளிறியதை எடுங்கள்.

நிறத்தைவிட எனக்குப் பெரிய கவலை, எதைக்கொண்டு அடிக்கப் போகிறீர்கள் என்பது. ஒவ்வொரு ஆடியிலும் தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குப் பெயிண்ட் பொரிந்து உதிர்கிறது, மறுபடி பட்டி வைத்து எமல்ஷன் அடித்துவிடலாம் என்று பெயிண்டர் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். உங்கள் சுவர் செங்கலும் சுண்ணாம்பும் கொண்டு கட்டியது. அடியிலிருந்து ஏறும் ஓதத்தை அந்தச் சுவர் காற்றில் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எமல்ஷன் அதன்மேல் பிளாஸ்டிக் தோலைப் போர்த்திவிடுகிறது. வெளியேற வழியில்லாத ஈரம் உப்பைக் கொண்டுவந்து தோலுக்கடியில் பூக்கவைக்கிறது, தோல் புடைத்துக் கிழிகிறது. எத்தனை முறை பட்டி வைத்தாலும் இதே கதைதான்.

பழைய பெயிண்டைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சுவரைக் காயவிடுங்கள். உதிர்ந்த இடத்தில் சிமெண்ட் அப்பாமல் சுண்ணாம்புச் சாந்து பூசச் சொல்லுங்கள். அதன்மேல் சுண்ணாம்பே அடியுங்கள். 1918 கடைசியில் கடையம் வந்து 1920 வரை இருந்த பாரதியார் காலத்தில் உங்கள் தெருவுக்குத் தெரிந்த பூச்சு அதுதான். குற்றாலத்துச் சித்திர சபையில், அருவிச் சாரலுக்குப் பக்கத்திலேயே, ஓவியங்கள் இருப்பதும் சுண்ணாம்புப் பூச்சின் மேல்தான். சீசனுக்குப் போகும்போது பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

நீற்றிய சுண்ணாம்பைத் துணியில் வடிகட்டி, பால் பதத்துக்குக் கரைத்து, மஞ்சள் காவிப்பொடியைத் தனியே தண்ணீரில் குழைத்து ஊற்ற வேண்டும். பொடி, சுண்ணாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் சாய்ந்து உட்காருபவர் சட்டையில் ஒட்டும். சுவரை நனைத்துவிட்டு மெல்லிசாக மூன்று கை அடியுங்கள். ஈரத்தில் கடும் மஞ்சளாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், காயக் காய நன்றாக வெளிறிவிடும். மஞ்சள் காவி இரும்புச் சத்துள்ள மண், சுண்ணாம்பின் காரத்துக்கு அது அசையாது. பூசணமும் அந்தக் காரத்தில் எளிதில் பிடிக்காது. இயற்கையாக இருக்கட்டுமே என்று சமையல் மஞ்சள்தூளைக் கலந்துவிடாதீர்கள். ஆரத்தித் தட்டில் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும், சுவரும் அப்படியே சிவக்கும்.

முதலில் இரண்டடிக்கு மூன்றடி அடித்துக் காயவைத்து, காலை, மத்தியானம், விளக்குப் போட்ட பிறகு என்று பாருங்கள். 6500 கெல்வின் என்று அட்டையில் போட்டிருக்கும் வெள்ளை எல்இடி பல்பில் மஞ்சள் சோகை பிடித்துத் தெரியும். அதே விலைக்குக் கிடைக்கும் 3000 கெல்வின் பல்பை மாட்டினால் சுவர் உயிர்பெறும். வேலையை மாசி, பங்குனியில் வைத்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்கு வெள்ளையடிப்பது வழக்கம்தான் என்றாலும், ஐப்பசி, கார்த்திகை மழை குடித்த சுவர் தையில் முழுதாகக் காய்ந்திருக்காது.

வீட்டுக்காரர் ஆசைப்பட்ட பச்சையை நிலைக்கும் கதவுக்கும் மரத்தூணுக்கும் கொடுங்கள். மஞ்சள் சுவருக்கு நடுவே கரும்பச்சைக் கதவு அவ்வளவு எடுப்பாக இருக்கும். ஆனால் அந்தக் கதவில் பழைய எனாமல் அடுக்கடுக்காக இருக்குமே, அதில் கவனம் தேவை. பழைய எனாமல்களில், குறிப்பாக மஞ்சளிலும் பச்சையிலும், ஈயக் குரோமேட் சேர்ப்பது வழக்கம். வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் பறக்கும் தூசியில் ஈயம் இருக்கலாம், அது சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள், தரையில் சாக்கு விரித்து விழுவதைச் சுருட்டி எடுத்துவிடுங்கள், அந்த இரண்டு நாளும் பிள்ளைகளை ஆச்சி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். நிறத்தில் என் பேச்சைத் தட்டினாலும் எனக்கு வருத்தமில்லை. இந்த ஒன்றில் மட்டும் தட்டாதீர்கள்.