பிடித்து விடுதல் அறமாகுமா?

சென்ற விடுமுறையில் அலிபிரிப் படிவழியாகத் திருமலைக்கு ஏறினோம். உடன் வந்த நண்பன் மீன்வளக் கலை பயில்பவன். மலைமேல் புலால், மது, புகையிலை ஆகியவற்றுக்கு இடமில்லை என்பது யாவரும் அறிந்ததே. "நேற்று இரவு கீழே மீன் குழம்பு, இன்று மேலே மரக்கறி உணவு. நம்முடையது ஒரு நாள் அறம்!" என்று நான் நகைத்தேன். அவன் நகைக்கவில்லை. "ஒரு நாளேனும் கையை அடக்கிக்கொள்வது நல்லதுதானே? தூண்டில் போடுகிறவனுக்கும் அப்படிச் சில நாட்கள் வேண்டும்" என்றான். அங்கே தொடங்கிய பேச்சு, 3,550 படிகளும் ஏறி முடியும் வரை ஓயவில்லை. அதன் பயனைத் தோழர்கள் முன் வைக்கிறேன்.

மேலை நாடுகளில் தூண்டில் போடுவது பலருக்கு ஒரு விளையாட்டு. பிடித்த மீனை உண்ணாமல், முள்ளைக் கழற்றி மீண்டும் ஆற்றிலேயே விடுவதைச் சிறந்த பண்பாகக் கருதுவர். கனடாவின் மிராமிச்சி ஆற்றில், அட்லாண்டிக் சால்மன் எதுவாயினும் பிடித்தவர் விட்டே ஆகவேண்டும் என்று 2015-இல் விதி செய்தார்கள். கொல்வதைவிட விடுவது மேல் என்பதில் ஐயமில்லை. ஆனால் எந்த நேரத்தில் பிடித்து விடுகிறோம் என்பதே கேள்வி.

சால்மன் கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்காகத் தான் பிறந்த ஆற்றுக்குத் திரும்பும் மீன். ஆற்றில் புகுந்தபின் அது பெரும்பாலும் இரை எடுப்பதில்லை. கடலில் சேர்த்த கொழுப்பைச் செலவிட்டே வெள்ளத்தை எதிர்த்து ஏறுகிறது. பருவத்தின் கடைசியில் பிடிபடும் சினை மீன், மகளின் திருமணத்துக்கென்று சிறு பொருளை முடிந்து வைத்திருக்கும் ஏழையைப் போன்றது. அப்பொருளை வீண் போராட்டம் ஒன்றில் செலவழிக்கச் செய்துவிட்டு, "உன்னை விட்டேன், போ" என்று சொல்வது எத்தகைய அருள்?

நண்பன் இதன் உடற்கூற்றை விளக்கினான். இழுபடும் மீனின் தசையில் லாக்டிக் அமிலம் சேர்கிறது. நீரைவிட்டு எடுத்ததும் செவுள் இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, மூச்சு முட்டுகிறது. உலர்ந்த கை பட்டால் உடலைக் காக்கும் வழுவழுப்பு நீங்கி, நோய் பற்ற இடமாகிறது. வெப்பமான நீரில் பிராணவாயு குறைவாதலால் களைத்த மீன் தேறுவது அரிது. நம் கண்முன் நீந்திச் சென்ற மீன் பின்னர் இறந்தால், அது நமக்குத் தெரியாது.

இஃது அயல்நாட்டுச் செய்தி என்று தள்ளவேண்டா. நம் காவிரியிலும் இது நடந்தது. கெண்டை இனத்தைச் சேர்ந்த மகசீர் என்னும் பெருமீன் அங்கே வாழ்கிறது. 1946-இல் காவிரியின் துணையாறான கபினியில் 120 பவுண்டு எடையுள்ள மகசீர் ஒன்று தூண்டிலில் அகப்பட்டது. பிற்காலத்தில் கருநாடகத்தின் பீமேஸ்வரி, கலிபோரே முதலிய இடங்களில் முகாம்கள் அமைந்தன. பிடித்த மகசீரை விட்டுவிடுவது அங்கே விதி. வெடி வைத்து மீனைக் கொன்று பிழைத்தவர்கள் சிலர், அங்கேயே காவலராகவும் வழிகாட்டிகளாகவும் மாறினர்.

1998 முதல் 2012 வரை கலிபோரே முகாமில் 6,000-க்கும் மேற்பட்ட மகசீர்கள் பிடித்து விடப்பட்டதாகக் கணக்கு உள்ளது. அக்கணக்கை ஆராய்ந்தவர்கள் இரண்டு செய்திகளைக் கண்டனர். வேற்று ஆற்றிலிருந்து வந்து, பண்ணையில் பெருக்கி விடப்பட்ட நீலத்துடுப்பு மகசீர் பெருகியது. காவிரிக்கே உரிய கூன்முதுகு மகசீர் அருகியது. உலகப் புகழ் பெற்ற அக்கூன்முதுகு மீனின் அறிவியற் பெயர் 'டோர் ரேமாதேவி' என்பது 2018-இல்தான் உறுதியாயிற்று. அதே ஆண்டில் அது அற்றுப்போகும் விளிம்பில் உள்ள உயிராகவும் பட்டியலில் ஏறியது.

1972-ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டம், உயிரைப் பிடிப்பதையும் வேட்டை என்றே வரையறுக்கிறது. அதன் வழியே 2012-இல் காவிரிச் சரணாலயத்தில் தூண்டில் விளையாட்டு நின்றது.

"அது சரியே. விளையாட்டுக்காக ஓர் உயிரின் வாயில் முள் மாட்டுவது எப்படி அறமாகும்? சுவிட்சர்லாந்திலும், விடுவதற்கென்றே மீன் பிடிப்பதைச் சட்டம் தடுக்கிறது" என்றேன்.

"தூண்டில்காரன் போனபின் அந்த மடுக்களைக் காவல் காப்பவர் யார்? வெடிக்காரன் வந்தால் பெரிய மீனும் இல்லை, குஞ்சும் இல்லை. மீன் அருகியதை உனக்குச் சொன்னதே அந்தத் தூண்டில்காரனின் கணக்குப் புத்தகம்தானே!" என்றான் அவன்.

எனக்கு உடனே விடை வரவில்லை. காவலுக்குக் கூலியாக மீனின் வாயைக் கிழிக்க வேண்டுமா என்று கேட்கலாம். ஆனால் கூலி கொடுக்க வேறு எவரும் முன்வராத ஆற்றில் அக்கேள்வி மீனைக் காப்பாற்றாது. காளி கோபுரத்தைக் கடந்து, மான் பூங்காவின் அருகே இளைப்பாறியபோதுதான் ஒரு தெளிவு பிறந்தது.

கிழக்குக் கடற்கரையில், தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லக்கூடாது. மீன் இனம் பெருகுவதற்காக ஏற்பட்ட தடை இது. அடுப்பெரிவதே மீனால் என்று வாழும் குடும்பங்கள் அத்தடையைத் தாங்குகின்றன. பசிக்காகப் பிடிப்பவரே கையைக் கட்டிக்கொள்ளும்போது, பொழுதுபோக்குக்காகப் பிடிப்பவர், "நான்தான் விட்டுவிடுகிறேனே" என்று விலக்குக் கேட்பது முறையா? தடையின் பொருள் கொல்லாதே என்பது மட்டுமன்று. அந்த நாட்களில் தொடாதே என்பதும் ஆகும்.

எனவே என் துணிபு இது. ஆற்றைக் காக்கப் பயன்படுமாயின், பிடித்து விடுதலை முற்றும் தள்ளவேண்டியதில்லை. அப்போதும் முள்ளில் எதிர்க்கொக்கி இருத்தல் கூடாது, போராட்டம் நீளக்கூடாது, படம் எடுப்பதற்காக மீனை நீருக்கு வெளியே தூக்கலாகாது. ஆனால் மீன் சினைகொண்டு முட்டையிடச் செல்லும் காலத்திலும், கோடையின் கடைசியில் நீர் வற்றி மீன்கள் மடுக்களில் ஒடுங்கும் காலத்திலும் தூண்டிலே எடுக்கலாகாது. அக்காலத்தில் பிடித்து விடுதல் அருளன்று. அருளின் பெயரால் நடக்கும் துன்பமே. நம் இன்பத்தைச் சிறிதும் குறைத்துக்கொள்ளாமல் இரக்கமுள்ளவன் என்ற பெயரையும் பெற விரும்புவதே இதில் உள்ள குற்றம்.

நண்பன் என் முடிவை முற்றும் ஏற்கவில்லை. "அந்தக் காலத்தில் மடுவைக் காக்க ஆளுக்குச் சம்பளம் யார் தருவது என்று நீ இன்னும் சொல்லவில்லை" என்றான். உண்மைதான். தூண்டிலைக் கீழே வைத்த பின்னும் காவலுக்குப் பணம் தருபவனே மீனிடம் உண்மையான அன்புடையவன் என்று இப்போது எண்ணுகிறேன். அத்தகையோர் எத்தனை பேர்?

மலையேறும் முன் நான் நகைத்த ஒரு நாள் அறத்தை இறங்கும்போது நகைக்க மனம் வரவில்லை. வேண்டிய நாளில் கையை அடக்குவது சிறிய செயலன்று. தோழர்களே, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?