மாத்திரைப் பையைக் கொண்டுவரச் சொல்லுங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

பெருந்துறையில் காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெற்ற சானடோரியம் வளாகத்தில்தான் இன்று ஈரோடு அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே மருந்துகளின் பாதுகாப்பையும் செலவையும் ஆராயப் புறப்பட்டிருக்கும் நீங்கள், சானடோரியம் தேவைதானா என்று கேட்ட சென்னை ஆய்விலிருந்தே தொடங்கலாம்.

1956இல் சென்னையில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கியது. ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறு பாதியைச் சொந்த வீட்டிலும் வைத்து, ஓராண்டுக்கு ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். சானடோரியத்தில் ஓய்வும் நல்ல சாப்பாடும் கிடைத்தன. வீட்டிலோ நெரிசலும் அரை வயிறும். ஆனாலும் 1959இல் முடிவு வெளியானபோது, இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தேறியிருந்தார்கள். வீட்டில் உடனிருந்தவர்களுக்கும் கூடுதல் ஆபத்து வரவில்லை.

அந்த ஆய்வாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் நோயாளியின் வீட்டுக்குப் போனார்கள். மீதியிருந்த மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்தார்கள். சீட்டில் எழுதிய மருந்தெல்லாம் வயிற்றுக்குள் போய்விடுவதில்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

வயிற்றுக்குள் போன மருந்தும் வேறு செலவைக் கொண்டுவரலாம். விசைத்தறி ஓட்டும் ஒருவர் ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில் சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில வாரங்களில் வறட்டு இருமல் வருகிறது. பஞ்சுத் தூசிதான் காரணம் என்று அவரே முடிவு கட்டிவிடுவார். மருந்துக்கடையில் சிரப், அப்புறம் எக்ஸ்ரே, நடுவில் இரண்டு நாள் கூலி போய்விடும். உண்மையில் அந்த வகை மருந்தின் அறியப்பட்ட பக்கவிளைவு அது. மருந்தை மாற்றினால் பெரும்பாலும் நின்றுவிடும். மாத்திரையின் விலையை மட்டும் எழுதினால் உங்கள் கணக்கு பாதிதான்.

விலை குறைந்த மருந்து மட்டமானது என்றும் எழுதிவிடாதீர்கள். 1994இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் டெண்டரில் மொத்தமாக வாங்கி விலையைக் குறைக்கிறது. மாதிரிகளை ஆய்வகத்துக்கு அனுப்பித் தரத்தையும் சோதிக்கிறது.

பக்கவிளைவு என்று சந்தேகம் வந்தாலே பதிவு செய்யுங்கள், நிரூபிக்க வேண்டியதில்லை. 2010இல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு 1800-180-3024 என்ற எண்ணில் நோயாளியே கூடச் சொல்லலாம்.

அடுத்த ஓ.பி. நாளில் வரும் நோயாளியிடம், வீட்டிலிருக்கும் மருந்தையெல்லாம் பையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். மேசைமேல் கொட்டி எண்ணுங்கள். எது ஆஸ்பத்திரியில் கொடுத்தது, எது கடையில் வாங்கியது, எதை எப்போது, எதனால் நிறுத்தினார், இங்கே வந்ததில் அன்றைய கூலி எவ்வளவு போனது என்று அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அன்புடன்.